இரண்டு ராஜா, ஒரு யானை, எத்தனை ஃப்ளாப்பி?

“அம்பது ஆச்சு, நைனா” என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அதிலிருந்துதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

பொங்கலுக்கு உத்திரமேரூர் கடைத்தெருவில், சைக்கிள் கடை மாடியில் நடந்த செஸ் போட்டி. அரையிறுதி. எதிரே உட்கார்ந்திருந்தவர், நான் தினமும் காஞ்சிபுரம் காலேஜுக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். பலகையில் அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ராஜா. என்னிடம் ராஜாவும் யானையும். இதை ஜெயிக்கத் தெரியாதவன் காயைத் தொடவே கூடாது என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவருடைய ராஜா பிடி கொடுக்கவில்லை. ஒரு ஓரத்துக்கு விரட்டினால் இன்னொரு ஓரத்தில் வந்து நின்றது. ஐம்பது ஆட்டத்துக்குள் ஒரு வெட்டும் விழாவிட்டால், சிப்பாயும் நகராவிட்டால், டிரா கேட்கலாம் என்பது விதி. அவர் ஒரு பழைய டிக்கெட்டின் முதுகில் ஆட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, ஐந்தைந்தாகக் கட்டிக்கொண்டே வந்தார்.

கடைசிக்கு முன் வந்த நிலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவர் ராஜா கடைசி வரிசையில். என் ராஜா அதற்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம் விட்டு. என் யானை வலது ஓரத்தின் அடியில். என் ஆட்டமாக இருந்திருந்தால் யானையை ஓரமாகவே கடைசி வரிசைக்கு ஓட்டியிருப்பேன், மேட், அவர் ராஜாவுக்குப் போக இடமே இல்லை. ஆனால் அது அவர் ஆட்டம். ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினார். நான் எதையோ ஆடினேன். ஐம்பது ஆயிற்று.

டிரா ஆனால் பூவா தலையா. தலை விழுந்தது. அவர் இறுதிக்குப் போனார்.

நான் எழுந்திருக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே காய். அறுபத்து நாலு கட்டம். எத்தனை விதமாகத்தான் நிற்க முடியும்? எல்லா நிலையையும் ஒரு முறை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இங்கிருந்து இத்தனை ஆட்டத்தில் மேட்’ என்று போட்டு வைத்துவிட்டால், அப்புறம் யோசிக்கவே வேண்டாம். புரட்டிப் பார்த்தால் போதும்.

அன்று சாயங்காலமே ஒரு நோட்டில் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான் பெருக்கிப் பார்க்கத் தோன்றியது. முதல் காய்க்கு 64 இடம், அடுத்ததற்கு 63, அதற்கடுத்ததற்கு 62. பெருக்கினால் 2,49,984. பக்கத்துக்கு இருபத்தைந்து வரி என்றால் பத்தாயிரம் பக்கம். நோட்டை மூடினேன்.

நோட்டில் முடியாது என்றால் கம்ப்யூட்டரில் முடியும். எங்கள் காலேஜுக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் கணக்குத் துறை மேடம். மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஒரே ஒருவருக்கு, பரீட்சை வரைக்கும் சனிக்கிழமை காலைகளில் சொந்த வேலைக்கு மெஷின் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு தாளில் இரண்டு விஷயம் எழுதித் தர வேண்டும்: என்ன செய்யப் போகிறாய், அதைச் சேமித்து வைக்க எத்தனை ஃப்ளாப்பி வேண்டும்.

நான் மூன்றாம் ஆண்டு. ஏப்ரலோடு படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகு உத்திரமேரூரில் எனக்கு எந்தக் கம்ப்யூட்டர் காத்திருக்கிறது? இந்தச் சனிக்கிழமைகள் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் என் யோசனை அந்த இரண்டு பக்க நோட்டோடு சரி.

ஆகவே அவசரமாகக் கணக்குப் போட்டேன். ஒரு நிலையை எழுதப் பதினாறு எழுத்து: மூன்று காய் நிற்கும் இடங்கள், அதற்குப் பிறகு பதில். இரண்டரை லட்சம் நிலை, தலா பதினாறு, ஆக நாற்பது லட்சம் எழுத்து. ஒரு ஃப்ளாப்பியில் கொள்வது மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். வகுத்தேன். தாளில் ‘11’ என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

மேடம் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பதினொண்ணா? இந்த டிபார்ட்மென்ட்டுக்கே ஒரு டப்பாதான்ப்பா வந்திருக்கு. அதுல பத்து இருக்கு.”

“மேடம், எல்லா நிலையும் எழுதணும்னா...”

“நிலையை ஏன் எழுதற?”

எனக்குப் புரியவில்லை. நிலையை எழுதாமல் பதிலை மட்டும் எழுதினால் எது எதற்குப் பதில் என்று எப்படித் தெரியும்?

“உங்க தெருவுல வீட்டுக்கு நம்பர் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“கதவுல நம்பர் மட்டும் போடுவாங்களா, இல்ல மாவட்டம், தாலுகா, தெரு, அப்பா பேருன்னு முழு விலாசத்தையும் எழுதுவாங்களா? மூணு காயும் நிக்கிற கட்டத்தோட நம்பரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. அதுதான் வீட்டு நம்பர். வீட்டுக்குள்ள பதில் மட்டும் இருந்தா போதும், ஒரே எழுத்து. ஒவ்வொரு கட்ட நம்பருக்கும் எத்தனை பிட்டுனு பாத்துட்டு வா. திங்கட்கிழமை கடைசி. உனக்கு அடுத்து ஒருத்தன் நிக்கிறான், ஜாதகம் கணிக்கிறானாம். அவனுக்கு ஒரே ஃப்ளாப்பி போதுமாம்.”

வெளியே செருப்பு மாட்டும்போது ஜாதகக்காரனைப் பார்த்தேன். நெற்றியில் விபூதியோடு நிம்மதியாக நின்றுகொண்டிருந்தான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கத்தில் வந்ததுமே ஆரம்பித்தார். போட்டி முடிந்ததிலிருந்து தினம் இதே கதைதான்.

“இன்னா நைனா, அம்பது ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். “ஒன்டி ராஜாவ ஒன்னும் பண்ண முடியலியே! நீ டிகிரி வேற படிச்சிக்கினு கீற.”

“கம்ப்யூட்டர்ல போடப் போறேன். அப்புறம் பாருங்க.”

“கம்ப்யூட்டரு வந்து யானைய நகத்துமா? அதுக்கும் டிக்கெட் எடுக்கணும், சொல்லிட்டேன். லக்கேஜ் தனி.”

பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நோட்டைத் திறந்தேன்.

பிட் என்பது ஆம், இல்லை என்று இரண்டே பதில் தெரிந்த ஓர் இடம். மெஷின் எந்த எண்ணையும் அப்படித்தான், பூஜ்யமும் ஒன்றுமாக எழுதுகிறது. கட்டங்களுக்கு ஒன்றிலிருந்து அறுபத்து நாலு வரை நம்பர் போட்டு, ஒவ்வொன்றையும் மெஷினின் பாஷையில் எழுதிப் பார்த்தேன். அறுபத்து மூன்று வரைக்கும் ஆறு இடம் போதுமாக இருந்தது: 111111. அறுபத்து நாலு மட்டும் முரண்டு பிடித்தது: 1000000. ஏழு இடம். ஒரு காய்க்கு ஏழு என்றால் மூன்று காய்க்கு இருபத்தொன்று. இருபத்தொரு பிட்டில் எத்தனை வீட்டு நம்பர் வரும் என்று இரண்டால் பெருக்கிக்கொண்டே போனேன். பஸ் மாகறலைத் தாண்டுவதற்குள் விடை வந்துவிட்டது: 20,97,152. வீட்டுக்கு ஓர் எழுத்து, ஆக ஆறு ஃப்ளாப்பி.

பதினொன்று ஆறாகக் குறைந்ததில் சந்தோஷப்படலாமா என்று பார்த்தால், வேறொரு விஷயம் உறுத்தியது. குடியிருப்பவர்கள் இரண்டரை லட்சம். வீடுகளோ இருபது லட்சத்துக்கு மேல். ஊரே காலி வீடாகக் கிடக்கும் ஒரு ஊரை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கே தவறு? மறுபடி பெருக்கினேன். பெருக்கலில் தவறு இல்லை. அந்த ஒரே ஓர் அறுபத்து நாலாவது கட்டம்தான் இத்தனையையும் செய்கிறது என்று தெரிந்தது. அந்த மூலைக் கட்டத்தில் எந்தக் காயும் போகக் கூடாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கண்டக்டரின் ராஜா அங்கேதான் போய் உட்காரும்.

சனிக்கிழமை முழுவதும் அதே குழப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் களத்துக்குக் கூப்பிட்டான். நெல் தூற்றி முடித்துக் குவியலாக இருந்தது. அவன் மரக்காலில் அள்ளிச் சாக்கில் கொட்ட வேண்டும், நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். எங்கள் வீட்டு மரக்காலுக்கு ஒரு சாக்கில் பன்னிரண்டு கொள்ளும். அண்ணி வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கோணி ஊசியும் சணலுமாக வந்து சாக்கு வாயைத் தைப்பாள்.

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்றுதான் சொல்வோம். பிறகு ரெண்டு, மூணு என்று போகும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வாயில் தானாக வருவது. ஆனால் அன்று என் வாய் என்னிடம் இல்லை. மண்டைக்குள் அறுபத்து நாலாவது கட்டம் உட்கார்ந்திருந்தது. வாய் அதுபாட்டுக்கு “லாபம்... ஒன்னு... ரெண்டு...” என்று எண்ணிக்கொண்டே போனேன். பன்னிரண்டு வந்ததும் “ஆச்சு” என்றேன். அண்ணன் அடுத்த சாக்கை எடுத்தான். இப்படி ஐந்து சாக்கு.

அண்ணி வந்து முதல் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள். சேரவில்லை. முழங்காலை வைத்து அமுக்கினாள். நெல் பிதுங்கி வெளியே கொட்டியது. அடுத்த சாக்கும் அப்படியே.

“இன்னாங்க, சாக்கு சின்னதா வாங்கியாந்துட்டீங்களா?”

“போன வருஷத்து சாக்குதான். நீ ஒய்ங்கா புடி.”

“நான் ஒய்ங்காதான் புடிச்சிக்கினு கீறேன். அளந்த லட்சணம் அப்டி கீது. தம்பி, எத்தினி போட்டீங்க?”

“பன்னெண்டு, அண்ணி.”

“எங்க, எண்ணிக் காட்டுங்க.”

அண்ணன் ஒரு சாக்கைக் கவிழ்த்து மறுபடி அளந்தான். நான் எண்ணினேன். லாபம், ஒன்னு... அண்ணன் மரக்காலைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

“டேய், லாபத்துக்கு அப்பறம் ஒன்னு எங்கிருந்துடா வந்துச்சு?”

எனக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“தம்பி படிக்கிற காலேஜில பன்னெண்டுக்கு பதிமூணு போலக் கீது. நல்ல காலேஜுதான். நம்ம நெல்ல அங்கியே விக்கலாம்.”

“பேஜார் புடிச்சவன். அஞ்சு சாக்குலயும் ஒவ்வொரு மரக்கால் எடுத்துக் கொட்டு” என்றான் அண்ணன்.

நான் எடுத்துக் கொட்டினேன். மூன்றாவது சாக்கில் கை அப்படியே நின்றுவிட்டது. நான் எண்ணியது தவறு, சரி. ஆனால் இப்படி எண்ணிக்கொண்டே, சாக்கில் சரியாகப் பன்னிரண்டு மரக்கால் போட்டிருந்தால், கடைசி மரக்காலுக்கு என்ன பெயர் வந்திருக்கும்? பதினொன்று. முதலாவதுக்கு எண்ணே இல்லாவிட்டால் கடைசி ஒன்று குறையும். நெல்லுக்கு இது தப்பு. கட்டத்துக்கு ஏன் தப்பாக இருக்க வேண்டும்? முதல் கட்டத்தை ஒன்று என்று சொல்லாமல் பூஜ்யம் என்று சொன்னால், கடைசிக் கட்டம் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றுக்கு ஆறு இடம் போதும். என் அறுபத்து நாலு, சாக்குக்குள் போகாத பதிமூன்றாவது மரக்கால். அதற்காகத்தான் நான் சாக்கையே மாற்றிக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, பேனா கீதா?” என்றேன்.

“களத்துல வந்து பேனா கேக்குது பாரு! கோணி ஊசி கீது, வேணுமா?”

ஊசியை வாங்கிக் களத்து மண்ணிலேயே போட்டேன். ஆறும் ஆறும் ஆறும் பதினெட்டு. பதினெட்டு முறை இரட்டித்தால் 2,62,144. குடியிருப்பவர் இரண்டரை லட்சம், வீடு இரண்டேமுக்கால் லட்சம்கூட இல்லை. ஒரே ஃப்ளாப்பி. இடம் மிச்சம். அண்ணன் பின்னால் வந்து நின்று மண்ணைப் பார்த்தான்.

“இது எந்தச் சாக்குக் கணக்கு?”

“கம்ப்யூட்டர் சாக்கு.”

“அதுலயாவது வாய மூடுதா?”

மூடுகிறது என்று சொன்னேன். அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை தாளில் ‘1’ என்று மையால் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் கேட்கும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. நானே கூப்பிட்டுச் சொன்னேன்: ஒரு ஃப்ளாப்பியில் எல்லாம் அடங்கிவிடும். எந்த நிலையைக் கேட்டாலும் மெஷின் சொல்லும். பொங்கல் ஆட்டத்தையும் சேர்த்து.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “நம்ம கடசி ஆட்டமா? உன் ராஜா எதிர்ல நின்னுச்சே, அதுவா?”

“அதுதான். மூணு காய் எங்க நிக்குதுன்னு குடுத்தா போதும். மேட்டுன்னு சொல்லும்.”

“மேட்டா? எப்டி? அப்ப என் ஆட்டமாச்சே, நான் தள்ளிக்கினேனே!”

“இல்ல, என் ஆட்டமா இருந்தா...”

“அத்தான் கேக்கறேன். யாரு ஆட்டம்னு அதுக்கு எப்டி தெரியும்?”

அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்து, “வாலாஜாபாத் ரோடு எறங்கு, எறங்கு” என்று கத்தப் போய்விட்டார். கேலிக்குக் கேட்டதுதான். ஆனால் என் பையில் இருந்த தாள் பொய்யாகிவிட்டது.

அதே மூன்று கட்டம், அதே மூன்று காய். என் ஆட்டம் என்றால் ஒன்றில் மேட். அவர் ஆட்டம் என்றால் அவர் ஒதுங்கிவிடுவார், வேறு பதில். அதைத்தானே நான் சைக்கிள் கடை மாடியில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, வயிறு எரிந்தேன்? உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம் அது. அதையே எண்ணாமல் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு வீடு வேண்டும், என் ஆட்டத்துக்கு ஒன்று, அவர் ஆட்டத்துக்கு ஒன்று. 2,62,144 இரட்டித்தால் 5,24,288. ஒரு ஃப்ளாப்பி போதாது. இரண்டு.

மேடத்தின் அறை வாசலில் ஜாதகக்காரன் எனக்கு முன்னாலேயே நின்றிருந்தான். நான் தாளைக் கொடுத்தேன். ‘1’ என்று பார்த்ததும் மேடத்தின் முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே” என்று பேனாவைத் திறந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“மேடம், அது ரெண்டு. யார் ஆட்டம்கறதை மறந்துட்டேன்.”

பேனா நின்றது. “பதினொண்ணு சொன்ன. இப்ப ஒண்ணு எழுதியிருக்க, ரெண்டுங்கற. நடுவுல வேற எதாவது உண்டா?”

“ஆறு மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

“ஒண்ணுதான் என்னால குடுக்க முடியும். அதுக்குள்ள அடக்க முடியும்னா இந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு வா, பத்து வரைக்கும் மெஷின் உனக்கு. முதல் நாளே அடங்குதுன்னு எனக்குக் காட்டணும். காட்டலைன்னா அடுத்த வாரத்துலேருந்து அவனுக்கு. சரியா?”

“சரி மேடம்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. அவர் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எதுவும் வரவில்லை. பதிலைச் சுருக்கிப் பார்த்தேன், குழம்பியது. ஒரே கட்டத்தில் இரண்டு காய் நிற்கிற பொய் வீடுகளை எல்லாம் இடித்துவிடலாமா என்று பார்த்தேன். அவை மொத்தமே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான். இடித்தும் பிரயோஜனம் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலேஜிலிருந்து வந்து, மேஜையில் இடம் வேண்டும் என்பதற்காகச் செஸ் பலகையை மடித்தேன். அது அட்டைப் பலகை. எனக்கும் எதிராளிக்கும் நடுவில் மடிப்பு விழும், கிழிந்து கிழிந்து நான் டேப் ஒட்டிய மடிப்பு. பாதி மூடியதும் கை நின்றது. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் என் பக்கத்தில் ஒரு கட்டத்தின் மேல் அச்சாகப் போய் உட்காருகிறது. பலகையை விரித்து, கண்டக்டரோடு ஆடிய அந்த நிலையை மறுபடி அடுக்கினேன். மடிப்பைத் தாண்டி அங்கே நின்ற ராஜாக்களை அப்படியே கவிழ்த்து இந்தப் பக்கம் வைத்தேன். அடியில் இருந்த யானை உச்சிக்குப் போயிற்று. அவர் ராஜா இப்போது என் முதல் வரிசையில். என் ஆட்டம் என்றால் யானையைக் கீழே ஓட்டினால் மேட். அதே மேட்தான்.

சிப்பாய் இருந்தால் இது நடக்காது. சிப்பாய்க்குத் திசை உண்டு. ராஜாவுக்கும் யானைக்கும் திசை கிடையாது. அப்படியானால் என் ராஜா என் பக்கப் பாதியில் நிற்கிற நிலைகளை மட்டும் சேமித்தால் போதாதா? அந்தப் பக்கம் நின்றால் பலகையைக் கவிழ்த்துக் கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம். அறுபத்து நாலுக்குப் பதில் முப்பத்திரண்டு. 5,24,288 பாதியானால் மறுபடி அதே 2,62,144. ஒரு ஃப்ளாப்பி.

மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று முறையும் அதே விடை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை களத்தில்கூட இதே எண்தான் வந்தது, இதே நிச்சயத்தோடுதான் இருந்தேன். அதனால் நம்பிக்கை வரவில்லை. எனக்குத் தெரியாத வேறு எதையாவது இன்னும் மறந்திருக்கலாம். கவிழ்க்கும்போது வீட்டு நம்பர் சரியாக மாறுமா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. பூஜ்யத்தில் ஆரம்பித்தால் எதிர் வரிசைக்கு ஏழிலிருந்து கழிக்க வேண்டும், எட்டிலிருந்து அல்ல என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்கிறேன்.

ஆகவே நாளைக் காலை எட்டு மணிக்கு முழுப் பட்டியலைத் தொடப் போவதில்லை. இரண்டே நிலை. ஒன்று, கண்டக்டர் ராஜா கடைசி வரிசையில் நின்ற அந்த நிலை. இன்னொன்று, அதைக் கவிழ்த்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்பேன், என் ஆட்டமாக ஒரு முறை, அவர் ஆட்டமாக ஒரு முறை. இரண்டில் எந்த நிலையானாலும் என் ஆட்டத்துக்கு ஒரே வீட்டு நம்பர், அவர் ஆட்டத்துக்கு வேறொரு ஒரே நம்பர் வர வேண்டும். வந்தால் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, மேட்டான நிலைகளிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி நிரப்புவேன். வராவிட்டால், பத்து மணிக்குள் எங்கே ஒன்று கூடுகிறது என்று தேட வேண்டும்.

முதல் பஸ் ஆறே காலுக்கு. அதில் அவர்தான் டியூட்டி.